மேசைக்கு அடியில் உட்கார்ந்த டொக்டரம்மா

மாத்தளைக் கடையில் வேலை போய், வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பலாபத்வலவில் மழை பிடித்ததால் நாவுல பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தோட்டத்துத் தம்பதி. பேச்சு வராத சின்ன மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். டொக்டர் பார்க்கும்போது புருசன் அறைக்கு வெளியே நின்றிருக்கிறான்; உள்ளே நடந்ததை மனைவி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பாப்பா மேசைக்கு அடியில பூந்துட்டா. டொக்டரம்மாவும் பூந்து உக்காந்துட்டாங்க."

"நல்ல டொக்டருதான். அதுக்கா படிச்சாங்க?"

"இந்த மாதிரிப் புள்ளைங்களோடதான் அவங்களுக்கு இத்தன வருச வேலையாம். இது பேயில்லையாம்ங்க. பொறப்புலயே அப்படித்தானாம். சத்தம்தான் இவளுக்கு ஆகாதாம்."

"அப்போ பூசாரி உடுக்கை அடிச்சப்ப கத்துனது?"

"உடுக்கைக்குத்தான் கத்துனா. பேய் கத்துதுன்னு அவரு இன்னும் ஓங்கி அடிச்சாரு. வர்ற வெள்ளிக்கிழமையும் அடிக்க விட்டீங்கன்னா, நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அவன் தூங்கும் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.

"பூசாரிய வர வேணாம்னு சொல்லிர்றேன். பூசைக்கு வாங்குன சேவல என்ன பண்றது?"

"அதுவும் விடியக் கத்தும். இன்னிக்கே கொழம்பு வச்சிர்றேன்."

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மறுநாள் காலை நாவுலவில் வெங்காயப் பாத்தியில் களை எடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.