ரெண்டு தடவை கூப்பிட்டான்

உச்சி வெயில் நேரம். ஒத்தக்கடை தாண்டி, யானைமலைக்குப் பின்பக்கமாகப் போகிற ஒரு ஒற்றைத் தார்ரோடு. சித்திரை மாதம்... ரோட்டில் ஆளும் இல்லை, ஆடுமாடும் இல்லை.

என்னடா, பேய்க்கதை என்று சொல்லிவிட்டு மத்தியானத்தில் ஆரம்பிக்கிறானே என்று பார்க்கிறீர்களா? ராத்திரிப் பேயெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. எங்கள் பக்கத்தில் உச்சி நேரத்துக்குத்தான் பயப்படுவோம். ஜெயபாண்டி, அந்த டார்ச்சை அணை. கரண்ட் வருகிறவரைக்கும் இந்த மொட்டைமாடியில் இப்படியே இருட்டில் இருப்போம். அஸ்வினி, நீ நடுவில் வந்து உட்கார்ந்துகொள்.

அந்த ரோட்டில் நடந்து போனவன் அழகுபாண்டி. என் சிநேகிதன் முத்திருளனுக்கு மச்சான். பட்டாளத்துக்காரன், வடக்கே பனிமலையில் வேலை. எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னான். அதற்குப் பிறகு கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அவனுக்கு அங்கே துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. பனி எப்போது சரியும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. காலையில் சரிவில் குழி தோண்டி, பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம். மேலே பலகை மாதிரி இறுகி, அடியில் ரவை மாதிரி உதிரியாக இருந்தால் ஆபத்து. உடனே லாரிகளை நிறுத்திவிடுவார்கள். பிறகு தூரத்திலிருந்து குண்டு போட்டு, அந்தப் பனியைத் தாங்களே சரித்துவிட்டுத்தான் ரோட்டைத் திறப்பார்கள்.

அவனோடு இருந்தவன் பேயாண்டி. சிரிக்காதே அஸ்வினி, அது சாமி பேர். அழகர்கோவில் பக்கத்துப் பையன். அம்மா தங்கப்பொண்ணு மட்டும்தான், அப்பா இல்லை. அவ்வளவு தூரத்தில் ஊர்ப்பேச்சு பேச இவனுக்கு அவன், அவனுக்கு இவன்.

மாசி மாதத்தில் ஒரு நாள். குழியில் ரவை தெரிந்தது. ரோட்டை அடைக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் குண்டு போடுவதாக ஏற்பாடு. அதற்குள் பேயாண்டி, சரிவு ஓரத்தில் நட்டிருந்த அளவுகோலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். நல்ல வெயில், உச்சி நேரம். பாறை மறைவில் நின்ற அழகுபாண்டி தற்செயலாக மேலே பார்த்தான். பனியில் ஒரு கோடு... ஓடுகிறது. விரிசல்.

பேயாண்டி பாறையைத் தாண்டி நாலு எட்டுதான் போயிருந்தான். திரும்பி ஓடி வந்தால் தப்பிவிடலாம்.

"பேயாண்டீ..."

நின்றான். ஆனால் திரும்பவில்லை.

"ஏலேய் பேயாண்டீ..."

அப்போதும் திரும்பவில்லை. காது கேட்டிருக்கிறது, நின்றுவிட்டானே! தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, எதற்கோ காத்திருக்கிற மாதிரி நிற்கிறான். அழகுபாண்டி மறுபடி வாயைத் திறந்தான்... 'உம்ப்' என்று பனிக்கு அடியில் ஒரு சத்தம். அப்புறம் இரைச்சல். அப்புறம் பேயாண்டி நின்ற இடமே இல்லை.

வெறுங்கையால் தோண்டினார்கள். நாயை விட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆனி மாதம் பனி உருகினால்தான் உடம்பு வெளியே வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

லீவில் வந்த அழகுபாண்டி, அந்த அம்மாவைப் பார்க்கத்தான் அந்த ரோட்டில் போனான். தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. திடீரென்று ஒரு வாடை... மண்ணெண்ணெய் அடுப்பும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. அவர்கள் பனிமலைக் கூடாரத்தின் வாடை. பின்னால் சத்தம். நறுக்... நறுக்... இறுகின பனியில் பூட்ஸ் வைத்து நடந்தால் மட்டும் வருகிற சத்தம். இங்கே, தார்ரோட்டில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்தச் சத்தமும் நின்றது.

தங்கப்பொண்ணு அவனை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு மோர் கொடுத்தாள். நெற்றியில் பொட்டு இல்லாமல் திருநீறு மட்டும் இருந்தாலும் முகத்தில் துக்கமே இல்லை. ஊரில் காரியம் பண்ணச் சொல்லிப் பார்த்தார்களாம், விடமாட்டேன் என்றுவிட்டாளாம்.

"ஒடம்பக் கண்ணுல காட்டாம எப்புடிய்யா காரியம் பண்றது? எம் பிள்ள வருவான்."

அப்போதுதான் வெளியே அந்தக் குரல்.

"ஆத்தா..."

அழகுபாண்டி மோரைக் கீழே வைத்தான். பேயாண்டி குரல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

"ஆத்தா..."

அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை.

அந்த அம்மா அசையவே இல்லை. "பயப்படாதய்யா. தெனமும் உச்சிக்குத்தான் கூப்புடுவான். பேயின்னா ரெண்டு தடவக்கி மேல கூப்புட வராது. மூணாவது தடவ கூப்பிட்டான்னா, எம்பிள்ள உசுரோட வந்துட்டான்னு அர்த்தம். கதவத் தொறந்துருவேன். சின்னதுலருந்து அவனுக்கும் அதத்தான் சொல்லி வளத்தேன். உச்சி நேரத்துல எவன் கூப்புட்டாலும் மூணாவது தடவக்கித்தான் திரும்பணும்னு."

அழகுபாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. பேயாண்டி ஏன் நின்றான், எதற்காகக் காத்திருந்தான் என்று. இத்தனை நாளாக, காதில் விழுந்தும் ஏன் திரும்பவில்லை என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தவன். வாயை அடக்கியிருக்கலாம். அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப... நாஞ் சொன்னதக் கேட்டுத்தான் நின்னானா?"

அதற்கு மட்டுமாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பாவி. "ஆமாம்மா" என்றான்.

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில் வீட்டுக்குள் குளிர ஆரம்பித்தது. அழகுபாண்டி பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. வழக்கத்தில் இல்லாதபடி மறுபடியும் ஒரு குரல்.

"ஆத்தா..."

ஒரே ஒரு தடவைதான். அவள் எழுந்துவிட்டாள்.

"இந்தா வாரேன்டா! ஆத்தா வந்துட்டேன்டா!"

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். இவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு வரைக்கும் பனியில் புதைந்த மாதிரி கால் மரத்துப்போய்விட்டது. தவழ்ந்து வாசலுக்கு வந்து பார்த்தால் ரோடு காலி. கானல் மட்டும் ஆடுகிறது.

சாயங்காலம் கண்மாய்க்குள் கண்டுபிடித்தார்கள். பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த கண்மாய். நடுவில் மண்டிபோட்டுக் குனிந்தபடி செத்திருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி, தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அந்தக் கைகள்? பத்து விரலும் கருத்து, கொப்பளித்து, நகம் பிய்ந்து கிடந்தது. அழகுபாண்டிக்குத் தெரியும். பனியை வெறுங்கையால் தோண்டினவர்களின் விரல் அப்படித்தான் ஆகும்.

மறுநாள் காலையில் அவளைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்து வீட்டில் படுத்திருந்தவனுக்கு மலையிலிருந்து போன் வந்தது. அவன் மேலதிகாரி. இந்திக்காரர், நல்ல மனுஷர். பேயாண்டி உடம்பு கிடைத்துவிட்டது என்றார். பனி இன்னும் உருகவே இல்லையாம். நேற்று மத்தியானம் ஆள் ஆழத்துக்கு யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள். சுற்றிலும் புதுப்பனி, போன தடமும் இல்லை, வந்த தடமும் இல்லை.

அப்புறம் அந்த மனுஷர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாராம்.

"முகத்தில் பனியே இல்லை, யாரோ துடைத்துவிட்ட மாதிரி. நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஏதோ சாம்பல், மூன்று விரலால் பூசின மாதிரி. உங்கள் ஊரில் அது என்ன, பாண்டி?"