முருங்கைக் கீரை தின்ற இறாலின் பொய்ச்சாட்சி

கூட்டத்துக்குத் தலைமையேற்று, நான் வாய் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட ஆரம்பாக்கத்துக் குப்பத்தின் ஊர்த்தலைவர் அங்கமுத்து அவர்களே, வலையையும் வாழ்க்கையையும் ஒரே தோளில் சுமக்கும் மீனவப் பெரியோர்களே, இடுப்பளவு நீரில் இறங்கி இறாலை வெறுங்கையால் தடவிப் பிடிக்கும் தாய்மார்களே, சேற்றுக் காலோடு வந்து பின்வரிசையில் பயந்து உட்கார்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, தூண்டிலுக்கு இரை வாங்கப் பசியாவரத்திலிருந்து படகேறி வந்து இந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட அப்பாவி அன்பர்களே, இந்த மேசைமேல் துணி கட்டி வைத்திருக்கும் பானையே, பானைக்குள் இருக்கும் இருபது இறால்களே, உயிரோடு இருந்தால் உங்களுக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பதற்குத் தகுந்தவன்தான் வந்திருக்கிறேன். பூச்சிமருந்துக் கடை வரதன் என்றால் ஆரம்பாக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆனால் என் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘சொல்லின் வேந்தர் வரதன்.’ அந்தப் பட்டத்தை வழங்கிய பெருந்தகை யார் என்று கேட்காதீர்கள். அவர் அடியேன்தான்.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? வயல்நீர் பழவேற்காட்டு ஏரியில் வந்து சேரும் வடிகாலின் வாயைப் பன்னிரண்டு நாளுக்கு முன் மண்ணும் பனந்துண்டும் போட்டு அடைத்தீர்கள். அடைத்தது நியாயம். ஆனால் இன்னும் இரண்டு நாள் அடைபட்டே கிடந்தால் சம்பா அழுகும். திறந்துவிட்டு, நீர் கெட்டதாக இருந்தால் உங்கள் இறால் சாகும். அந்தப் பக்கம் பயிர், இந்தப் பக்கம் உயிர், நடுவில் நிற்பது யார்? மருந்தை விற்ற மகாபாவி நான்.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில் இதே மேடையில் நின்றேன். அப்போது என் கழுத்தில் காகிதப்பூ மாலை இருந்தது. வாய் சும்மா இருந்ததா? ‘மருந்து மனிதனுக்குத் தோழன், மண்ணுக்கு மைத்துனன், மீனுக்கு மாமன்’ என்று முழங்கினேன். நம்பாதவர்களுக்குச் செய்முறை விளக்கமும் காட்டினேன். மருந்தடித்த வயலிலிருந்து ஒரு பானை நீர் கொண்டுவந்தேன். தூண்டில்காரர்களுக்கு உயிர் இறால் விற்கும் பச்சையம்மா அக்காவை அழைத்து, இருபது இறாலை அதில் விடச் சொன்னேன். பிறகு இரண்டு மணி நேரம் பேசினேன். முடிவில் இறால்கள் அத்தனையும் துள்ளின. கூட்டத்தில் பாதிப் பேர்தான் அசைவற்றுக் கிடந்தார்கள்.

கைதட்டினீர்கள். உழவர்கள் ஒன்றுக்கு இரண்டாக மருந்து வாங்கிப்போய் அடித்தார்கள். மறுநாள் மழை. வடிகாலைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் வடிகால் வாயில், சேற்றின்மேல், சல்லடை போட்டுச் சலித்துக் கொட்டியதுபோல இறால் வெளுத்துக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை. நான்கு மாதம் அந்த இடத்தில் பச்சையம்மா அக்காவின் கையில் ஓர் இறால்கூடத் தட்டுப்படவில்லை. அவர் அதே வயல்களுக்குக் களை பறிக்கக் கூலிக்குப் போனார்.

போகிற வழியில் என் கடை முன்னால் ஒருநாள் நின்றார். திட்டவில்லை. “இன்னா நைனா, மருந்து மீனுக்கு மாமன்னு சொன்னியே, மாமன் எப்பிடி மருமவன கொன்னான்?” என்று கேட்டார். சொல்லின் வேந்தர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் ஓர் ஊரையே கெடுத்தது.

ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? பானையில் பிழைத்த இறால் ஏரியில் ஏன் செத்தது? பழவேற்காட்டிலிருந்து பட்டணத்துக்குப் போய்க் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் லத்தீபா அம்மையாரிடம் ஓடினேன். இதோ, முன்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு மணி நேரத்தில் கேட்காத கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டார்: “அந்த இருபது எறாவும் எங்கேருந்து வந்துச்சு?”

அக்காவிடம் கேட்டோம். “தூண்டிலுக்கு வெச்சிருந்த எறா. பத்து நாளா முருங்கைக் கீரைய அரைச்சு, தவுட்டுல பெசஞ்சு போட்டேன். அப்பத்தான் முள்ளுல குத்தினாலும் துள்ளும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார். எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? அதுவும் சந்தேகம்தான்.

லத்தீபா அம்மையார் இரண்டு பானை வைத்தார். இரண்டிலும் ஒரே மருந்து நீர். ஒன்றில் கீரை தின்ற இறால், மற்றதில் ஏரியிலிருந்து அப்படியே பிடித்த இறால். கீரை தின்றது வெகுநேரம் தாக்குப்பிடித்தது. ஏரி இறால் ஒரு மணி நேரத்திலேயே மல்லாந்தது. மருந்து உள்ளே போனால் உப்புக்காற்றில் ஆணி துருப்பிடிப்பதுபோல உடம்பு உள்ளுக்குள் அரித்துப்போகிறதாம். கீரையில் இருக்கும் ஒரு சத்து அந்த அரிப்பைத் தடுக்கிறதாம். அதற்கு ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர். ஆக, அன்று என் மேடையில் இறால்கள் சொன்னது பொய்ச்சாட்சி. சொல்லவைத்தது கீரை. அதை நம்பித் தீர்ப்பு எழுதியவன் இந்த மூடன்.

திருந்தினேன் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ‘ஒரு டப்பா மருந்து வாங்கினால் ஒரு முருங்கைக் கிளை இலவசம்’ என்று நோட்டீஸ் எழுதிக்கொண்டு அம்மையாரிடம் போனேன். அவர் படித்தார். மடித்தார். “ஏரியில இருக்கிற எறாவை எல்லாம் வரிசையா நிக்கவெச்சு ஊட்டுவீங்களா? கீரை கொஞ்சம் தாங்கும். நீங்க கொட்டிக்கிட்டே இருந்தா எவ்வளவு தாங்கும்?” என்றார்.

அன்பர்களே, அந்தக் கேள்வி என்னைக் கொன்றது. ஏரிக்கு அடியில் முருங்கை நடுவோமா? அலைக்கு நடுவே அம்மி போட்டு அரைப்போமா? கேடயம் கொடுக்கிறேன் என்று ஈட்டி எறிகிறவன் வள்ளலா? எறிகிற கை அடங்காமல், ஏந்துகிற கீரையைப் புகழ்ந்து என்ன பயன்?

அதனால்தான் இந்த எண்பத்து மூன்றில் வீடு வீடாகப் போனேன். பாதி மருந்து போதும் என்று கடைக்காரனே கெஞ்சினேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக என் மனைவி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அடித்தபின் பத்து நாள் வரப்பை உயர்த்தி நீரை வயலிலேயே நிறுத்துங்கள் என்றேன். பின்வரிசையில் இருக்கும் இவர்கள் நிறுத்தினார்கள். அந்த நீர்தான் இந்தப் பானையில் இருக்கிறது. நேற்றுக் காலை பச்சையம்மா அக்கா ஏரியில் பிடித்த இறாலை, கீரை காட்டாமல், அப்படியே இதில் விட்டு, தன் கையால் துணி கட்டினார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

யாரோ அங்கே, ‘பானையத் தொறப்பா’ என்கிறீர்கள். திறக்கலாம் ஐயா. நான் ஏன் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தீர்கள்? பயம். வெறும் பயம். தலைவரும் கடிகாரத்தைத் தட்டுகிறார். அக்கா, வாருங்கள்.

அவிழ்க்கிறார். கையை விடுகிறார். எண்ணுகிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, சொல்கிறேன்: “பத்தொம்பது கீது” என்கிறார். துள்ளுகிறதா அக்கா? துள்ளுகிறதாம். அந்த ஒன்று? செத்துவிட்டதா?

தலைவர் ஏன் எழுந்து நிற்கிறார்?

அது தலைவர் வேட்டியில் துள்ளிக்கொண்டிருக்கிறது.

சற்று அமைதி. அக்கா பேச வேண்டுமாம். ஒலிபெருக்கியை அவரிடம் தருகிறேன். “வாய்க்காத் தொறந்து வுடுங்க. ஆனா அடுத்த வாட்டியும் பானை வரும். அதுக்கு அடுத்த வாட்டியும் வரும். இவன் பேச்ச நம்பாதீங்க. பானையக் கேளுங்க.”

கேட்டீர்களா? இருபது ஆண்டு மேடை வாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான பாராட்டு இதுதான். என் கண் கலங்குகிறது, மறைக்கவில்லை. வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்த தாய்மார்களுக்கும், பொய் சொல்லாத இருபது சாட்சிகளுக்கும் நன்றி கூறி, மண்வெட்டியோடு வடிகால் வாய்க்கு முதல் ஆளாக நடக்கிறேன். வணக்கம்.