நாவல்பழ மாத்திரையும் ஞாயிறு வாசகமும்

என் பெயர் பமேலா, வயது நாற்பத்தெட்டு, கணவர் பெயர் கிளீட்டஸ். மெர்லிமா என்ற ஊரில் குடியிருக்கிறோம். செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தமிழில்தான் எனக்குச் சரளமாகச் சொல்ல வரும் என்றதால் இந்தக் காவல் நிலையத்தில் என் புகாரைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

என் கணவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. சென்ற ஆண்டு கண் மருத்துவர், விழித்திரையில் இரத்தம் கசிகிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். ஊசி என்றதும் இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதன்பின் எங்கள் ஜெபக்குழுவைச் சேர்ந்த ரெஜினால்ட் வீட்டுக்கு வந்து, மஞ்சள், நாவல்பழம் இவற்றின் சத்தைப் பிரித்துச் செய்தது என்று மாத்திரை விற்றார். "கண்ணுல போயி ஊசி குத்திக்குவாங்களா பிரதர்? இது செடி மருந்துலா. விழித்திரைய அப்படியே காப்பாத்தும், கிளினிக்கே வேணாம்" என்றார்.

அதன்பின் என் கணவர் கிளினிக் போவதை நிறுத்திவிட்டார். ஜெபக்கூட்டத்தில் எழுந்து, இந்த மாத்திரையால் ஆண்டவர் தன் பார்வையைக் காத்தார் என்று சாட்சியும் சொன்னார். அதைக் கேள்விப்பட்டு, சர்க்கரை உள்ள பக்கத்து வீட்டு மீனம்மாவும் வாங்கினார். பிறகு இவர் மோட்டார் சைக்கிளை விற்றபோது முழங்கால் வலி என்றார், நம்பினேன்.

கோவிலில் ஞாயிறு பூசையின்போது வேதாகமத்திலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர் இவர்தான். சனிக்கிழமைகளில் அந்த வாசகத்தை என்னைத் திரும்பத் திரும்ப உரக்க வாசிக்கச் சொல்வார். பக்தி என்று நினைத்தேன். சென்ற ஞாயிறு திருவிழாவுக்காகப் பங்குச் சாமியார் வாசகத்தை மாற்றியிருந்தது எங்களுக்குத் தெரியாது. என் கணவர் புத்தகத்தைப் பார்த்தபடி, நான் வீட்டில் வாசித்ததையே சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். சாமியார் அருகில் போய், "இன்னிக்கு இதுதாங்க, கிளீட்டஸ்" என்று புத்தகத்தில் சரியான வரியில் விரல் வைத்தார். இவர் மூக்கு புத்தகத்தில் படும் அளவுக்குக் குனிந்தும் ஒரு சொல் வாசிக்க முடியவில்லை. இவருக்கு எழுத்தே தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போனது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் கேட்டபோது, "சாட்சி சொல்லிட்டேன்லா, இனி எந்த மூஞ்சிய வச்சு மாத்திச் சொல்ல?" என்றார். மறுநாள் கண் மருத்துவர் சோதித்துவிட்டு, செடிச் சத்துகளைப் பற்றி ஆய்வு நடப்பது உண்மை, ஆனால் அது ஊசிக்கு ஈடாகாது, போன பார்வை பெரும்பாலும் திரும்பாது என்றார்.

இன்று இங்கே வரக் கிளம்பியபோது மீனம்மா வாசலில் நின்றார். "அண்ணே, எனக்கு இன்னும் மங்கலாத்தான் இருக்கு. உங்களுக்கு எப்ப தெளிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

என் கணவர் குரல் வந்த பக்கம் திரும்பி, "எனக்குத் தெளியவே இல்லம்மா. நீ நிக்கிறதே எனக்குத் தெரியல. இப்பவே கிளினிக் போ" என்றார்.

ரெஜினால்டின் மேல் நடவடிக்கை எடுத்து, மாத்திரை வாங்கிய எல்லாருக்கும் தகவல் சொல்ல வேண்டுகிறேன். இதில் உள்ளவை யாவும் நான் கண்டதும் கேட்டதும், என் வீட்டுக்குள்ளேயே காணாமல் விட்டதும்தான். எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) பமேலா