வல்லூறுக் கூட்டுக்கு ஒரு தொலைநோக்கி

– கார் கதவைச் சாத்துங்க, சபர். ஜன்னலையும் ஏத்துங்க. அந்தச் சாம்பல் கார் போயிடுச்சா?

– அது பேக்கரிக்காரன் வண்டி. ரொட்டி இறக்கிட்டுப் போறான். அல்மாத்தியில பாதி வண்டி சாம்பல் கலர்தான், ரவ்ஷான். ஒவ்வொண்ணுக்கும் பயந்தா நாம ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

– பயப்படாம? போன வருஷம் வல்லூறுக் குஞ்சு எல்லாத்தையும் விக்கிறதுக்குத் தூக்கிட்டு, பாறையில ஒரு முழம் பச்சைக் கயிறு மட்டும் விட்டுட்டுப் போனானுங்க. தாய் ரெண்டு நாள் சுத்திச் சுத்திக் கத்துச்சு. இன்னொரு தடவை என்னால அதைக் கேட்க முடியாது.

– சரி, அட விடு. கூட்டைக் காவல் காக்க வாங்கின தொலைநோக்கியைக் காட்டு. இத்துனூண்டா? என் டீ ஃப்ளாஸ்க் இதைவிடப் பெருசு. இதுக்கா கடைக்குள்ள ஒரு மணி நேரம்?

– பெருசைத்தான் முதல்ல எடுத்தேன். கடைக்காரத் தம்பிதான் வேணாம்னுட்டான். ரோட்டுலயிருந்து எவ்வளவு நேரம் நடக்கணும்னு கேட்டான். ரெண்டு மணி நேரம்னேன். அப்படின்னா சின்னது வாங்குங்கக்கா, பெருசை நாலாம் நாளே வீட்ல போட்டுட்டுப் போயிடுவீங்கன்னான்.

– வெவரமான பய. ஸ்டாண்டு? மூணு காலும் குச்சி மாதிரி இருக்கே. நம்ம பக்கத்துக் காத்துக்கு நிக்குமா?

– காத்து எங்கிருந்து அடிக்கும்னு அவனே கேட்டான். ஆத்துப் பக்கமிருந்துன்னேன். நடுத்தண்டை உசத்தாம, இந்தக் கொக்கியில பையில கல்லு போட்டுத் தொங்கவிட்டா ஆடாதாம்.

– கண்ணு வைக்கிற குழல் ஏன் வளைஞ்சிருக்கு?

– கீழ உட்கார்ந்து பாறையை அண்ணாந்துதானே பார்க்குறோம். நேர்க்குழலா இருந்தா கழுத்து போயிடும்.

– பாறைன்னு சொன்னியா அவன்கிட்ட?

– கேட்டான், சொன்னேன். இடத்தைச் சொல்லலையே. அவனும் கேட்கலை. வேற யாரா இருந்தாலும் முதல் கேள்வியே அதுதான்.

– வேற என்ன கேட்டான்?

– காலையில வெயில் முகத்துல அடிக்குமா முதுகுலயான்னு. முதுகுலன்னேன். இறகு நுணுக்கமா தெரியணுமான்னான். குஞ்சுங்களுக்கு வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து இறகு வந்துடுச்சு, பத்து நாள்ல பறந்துடும்னேன். எத்தனை குஞ்சுன்னும் கேட்டான். அதை மட்டும் சொல்லலை. எண்ணிச் சொன்னா கண்ணு பட்டுடும்ல.

– ரவ்ஷான். ஆத்தோரம். கிழக்கே பார்த்த பாறை. ரோட்டுலயிருந்து ரெண்டு மணி நேர நடை. நம்ம ஆத்துல அப்படி எத்தனை பாறை இருக்கு?

– ஏன் அப்படிக் கேட்குறீங்க?

– எத்தனை?

– ஒண்ணு. அல்லாவே. ஒண்ணுதான்.

– போன வருஷம் பைனாகுலர் எங்க வாங்கினே?

– இங்கதான். இதே தம்பிகிட்ட. அன்னைக்கும் தூரம், வெயில், காத்து எல்லாம் கேட்டான். நான் ஒரு வருஷமா உங்களைச் சந்தேகப்பட்டேன், சபர். கல்யாண விருந்துல குதிரைப்பால் குமிஸ் குடிச்சுப் போதையில யார்கிட்டயோ உளறிட்டீங்கன்னு.

– தெரியும். நான் உன் அண்ணனைச் சந்தேகப்பட்டேன்.

– ஆனா தொலைநோக்கி விக்கிறவன் வேற என்னத்தைக் கேட்பான்? கேட்காம குடுத்தா அது கால் அளவு பார்க்காம செருப்பு குடுத்த மாதிரி. நல்ல பையனாத்தான் இருக்கணும்.

– இருக்கட்டும். ஜன்னலை இறக்கி, தொலைநோக்கியை விளிம்புல வை. கடை வாசலைப் பாரு.

– நான் பார்க்க மாட்டேன். நீங்க பாருங்க.

– ஷட்டரை இறக்குறான். மணி பன்னெண்டு கூட ஆகலை.

– சாப்பிடப் போவான். சாப்பிடத்தான் போறான்னு சொல்லுங்க.

– டிக்கியைத் திறக்குறான். மூட்டை ஒண்ணு வைக்கிறான். அப்புறம் கயிறு.

– மலையேறுறவங்க எல்லார்கிட்டயும் கயிறு இருக்கும். என்ன நிறம்?

– நல்ல தொலைநோக்கிதான் குடுத்திருக்கான், ரவ்ஷான். பச்சை.