மீதி ஐந்து நாள் மாத்திரை

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்ன காஞ்சிபுரம் போகிற பஸ். இளையவள் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் கலைந்துவிட்டது.

“எங்க வூட்டுக்காரரு மீதி மாத்திரைய கோயில் குளத்துல போட்டுட்டாருக்கா.”

“ஐயய்யோ, ஏம்மா?”

“அவருக்குத் தொடையில மாசாமாசம் கட்டி வந்துக்கினே இருந்துது. தறியில குந்த முடியல. டாக்டரு பத்து நாள் மாத்திரை குடுத்தாரு. அஞ்சாம் நாளே காஞ்சிடுச்சி. கட்டி கரையணுமின்னு வேண்டிக்கின மாதிரி குளத்துல வெல்லம் கரைக்கப் போனாரு. சாமி கொணமாக்கினப்புறம் மாத்திரைய வச்சிருந்தா நம்பிக்கை இல்லன்னு ஆயிடுமாம். அதையும் சேத்துப் போட்டுட்டாரு.”

“அப்புறம்?”

“திரும்ப வந்துடுச்சி, முன்னவிடப் பெருசா. மேல காஞ்சாலும் உள்ள கிருமி இருக்குதாம். கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்கணுமின்னு டாக்டரு திட்டி அனுப்பினாரு.”

“இந்தத் தடவையும் வேண்டிக்கினாரா?”

“நான் வேண்டிக்கினேன்க்கா. பொட்டலம் காலியாவற வரைக்கும் அவருக்குக் கோயில் நெனப்பே வரக்கூடாதுன்னு.”

கோபுரம் தெரிந்தது. முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.