வழுதி அண்ணன் வருவார்

எங்கள் வீட்டு பேஸ்மென்ட் நல்ல கதகதப்பாக இருக்கும். வெஸ்ட் வின்ட்சரில் பாதி வீடுகளில் அப்படி இருக்காது. கஜேந்திரனை அங்கேதான் தங்க வைத்தேன். அவர் ஒருநாளும் குளிரில் நடுங்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ப்ரியம்வதா மேடம். நீங்கள் அவருடைய வக்கீல்.

நான் நாகர்கோவில்காரன். கஜேந்திரன் பிறந்த, போர் நடந்த அந்தத் தீவை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் காலேஜ் நாளிலிருந்து வழுதி அண்ணனின் இயக்கம்தான் எனக்கு எல்லாமே. போர் முடிந்து, தலைவர் செத்துவிட்டார் என்று உலகமே சொன்னபோது நான் நம்பவில்லை. வருடா வருடம் ஐசலின் ஊரில் ஹால் பிடித்துக் கூட்டம் நடத்தினேன். 'அண்ணன் உயிரோடு இருக்கிறார், காணாமல் போன பிள்ளைகளும் அவரோடு இருக்கிறார்கள்' என்று பேசுவேன். அதைக் கேட்கவே கனடாவிலிருந்து பஸ் பிடித்து வரும் தாய்மார்கள் உண்டு.

கஜேந்திரன் தலைவரின் மெய்க்காப்பாளர். அதை அவர் அடைக்கலம் கேட்ட அசைலம் மனுவில் சொல்லவில்லை. உங்களிடமும் அவராகச் சொல்லியிருக்க மாட்டார். ஆயுதம் தூக்கியவர் என்று தெரிந்தால் இங்கே கதவு மூடிவிடும். என்னை நம்பி என்னிடம் மட்டும் சொன்னார்.

ஒருநாள் என் மனைவி ஜெபராணி, "தம்பி, இன்னொரு தோசை போடட்டுமா? சரியாவே சாப்பிடல" என்றாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அண்ணை, வழுதி அண்ணை இல்லை. சனத்தை விடச் சொல்லிக் கேக்க வெள்ளைக்கொடியோட போனவர். சுட்டுப்போட்டாங்கள். நான்தான் மண் போட்டனான்."

"தம்பி, இதை வெளியே சொல்லாதீங்க. ப்ளீஸ்."

"ஏலாது அண்ணை. தாய்மார் இன்னும் பிள்ளையளுக்காகப் பாத்துக்கொண்டிருக்கினம். இந்த முறை உங்கட கூட்டத்து மேடையிலை சொல்லத்தான் போறன்."

அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். உண்மையாகவே பிடித்தேன். வேலை, விசா, வீடு என்று ஓடிய வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, அழுதார். ஆனால் மனம் மாறவில்லை.

மறுநாள் ஆபீஸ் லஞ்ச் பிரேக்கில் இமிக்ரேஷனுக்கு போன் பண்ணினேன். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் யார், யாருக்குக் காவல் நின்றார், எந்த ரெஸ்டாரன்ட்டில் பாத்திரம் கழுவுகிறார் என்பதை மட்டும் சொன்னேன். கூட்டத்துக்கு முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரை டிடென்ஷனில் போய்ப் பார்த்தேன். "அண்ணை, அங்கை அனுப்பினா என்னை உயிரோட விடமாட்டாங்கள். எப்பிடியாவது தடுங்கோ" என்று கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டார். உங்களை வக்கீலாக ஏற்பாடு செய்து கொடுத்ததும் நான்தான். நீங்கள் நன்றாகத்தான் வாதாடினீர்கள்.

ஆனாலும் அவரை நாடு கடத்திவிட்டார்கள். அங்கே விமானம் இறங்கியதும் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். அப்புறம் தகவல் இல்லை.

அதற்கடுத்த கூட்டத்தில் அவர் படத்தை மேடையில் வைத்து, தலைவர் கூப்பிட்டார், அவரோடு சேரப் போய்விட்டார் என்று சொன்னேன். தாய்மார்கள் கைதட்டினார்கள்.

நேற்று அவர் மனைவி தென்றல் தீவிலிருந்து போனில் கேட்டாள். "அண்ணை, இவர் உயிரோட இருக்கிறாரோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"வழுதி அண்ணன்கூடத்தான் இருக்கார்மா. சேர்ந்தே வருவாங்க" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். அந்த ஆறுதலைக் கொடுக்க அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.