வரைபவரும் சரிபார்ப்பவரும்

— ஆறு பேரோட ஆரம்பிச்ச கம்பெனின்னு எழுதியிருக்கீங்க மேடம். அஞ்சு இன்ஜினியர்தான். ஆறாவது ஆள் டைப்பிஸ்ட்.

— டைப்பிஸ்ட் ஆள் இல்லையா சார்? கம்பெனி மூடறதுக்கு முன்னாடி வரலாறு ஒரு பக்கம் எழுதுங்கன்னாங்க, எழுதினேன். அதுக்கும் சிவப்பு பென்சிலா?

— நீங்க வரைஞ்ச பாலம் எல்லாத்தையும் நான்தானே சரிபார்த்தேன். இத மட்டும் விட்ருவேனா?

— சரி, கேளுங்களேன். வெளிநாட்டுக்காரன் வரைஞ்ச பாலம் நம்ம ஆத்து வெள்ளத்துக்குத் தாங்கல. அதான் சர்க்காரே சொந்தமா டிசைன் கம்பெனி ஆரம்பிச்சுது. அப்புறம் பாத்தா, அவன் நாட்டுக்கே நாம துறைமுகம் வரைஞ்சு குடுத்தோம்! எழுதும்போது எனக்கே புல்லரிச்சுது சார்!

— புல்லரிச்சதெல்லாம் வேண்டாம். கடைசில, 'நாளையோட மூடுது'ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க.

— வேற என்ன எழுத? மேசையெல்லாம் லாரில ஏத்திட்டாங்க. பேசினா எதிரொலிக்குது. நாளைக்கப்புறம் எங்க இருப்பீங்க?

— தங்கச்சி வீட்டு மாடி ரூம் காலியா இருக்காம். போய் உக்கார வேண்டியதுதான். நீங்க?

— டிவியப் போட்டு வச்சுக்குவேன். வீட்ல ஆள் பேசற சத்தம் வேணுமில்ல.

— ம். ஒண்ணு விட்டுட்டீங்க. நம்ம சட்டம்.

— எது?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. வரையறவங்களும் சரிபார்க்கறவங்களும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. உறவுன்னா தப்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு முதல் நாளே வச்ச சட்டம்.

— அத எப்படி மறப்பேன்? நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசட்டுமான்னு கேன்டீன் அக்கா கேட்டப்ப நீங்க அதத்தானே சொன்னீங்க? 'கட்டிக்கிட்டா அவங்க பாலக் கணக்க வேற எவனோ சரிபார்ப்பான், அது எனக்கு ஆகாது'ன்னு.

— அக்கா சொல்லிட்டாங்களா?

— அன்னிக்கே. எனக்குக் கோவமே வரல பாருங்களேன். என் கணக்குல வேற யாரும் கை வைக்கறது எனக்கும்தான் பிடிக்காது.

— அப்ப, இத்தன வருஷமும்...

— ரெண்டு லூசும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல உக்காந்து ஊருக்கெல்லாம் பாலம் போட்டுக் குடுத்தோம். சார், நாளைக்குக் கம்பெனியும் இல்ல, சட்டமும் இல்ல. வெக்கத்த விட்டு நானே கேக்கறேன். தங்கச்சி வீட்டு மாடிக்கா, எங்க வீட்டுக்கா? என்ன சொல்றீங்க?